டோக்கன் கணக்கு

வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள். விவேக் நகர் என்றதுமே, "சர்ச் பக்கமா? வேணாம் சார்" என்று கியரைப் போட்டுவிடுவார்கள். குழந்தை இயேசு ஆலயத்துக்கு அன்று நகரமே திரண்டு வரும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மாறி மாறிப் பூசை நடக்கும். மெழுகுவர்த்திக் கடை, பூக்கடை, செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி என்று சாலையின் பாதி அங்கேயே போய்விடும். பஸ் ஸ்டாப்பிலிருந்து என் வீடு நானூறு அடி. புதன்கிழமையும் நானூறு அடிதான், வியாழக்கிழமையும் நானூறு அடிதான். புதன்கிழமை யார் மேலும் இடிக்காமல் வந்துவிடுவேன். வியாழக்கிழமை எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்பேன் என்பதை என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியும்.

அந்தக் கணக்குதான் என் தொழில். நடப்பது நான் அல்ல, நியூட்ரினோ. கூட்டம் என்பது பூமி.

சிமுலேஷன் என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகத்தில் 'உருவகப்படுத்தல்' என்று போட்டிருக்கிறார்கள். வாயில் நுழைவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். நான் ஒத்திகை என்று சொல்வேன். விண்வெளியில் எங்கோ பிறந்து, பூமியின் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் தென்துருவப் பனிக்குள் வெளிப்படும் ஒரு துகளுக்கு வழியில் என்னென்ன நேரலாம் என்று கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்ப்பது. ஒரு துகளுக்கு அல்ல, பத்து லட்சம் துகளுக்கு. ஒவ்வொன்றின் தலையெழுத்தும் வேறு.

நியூட்ரினோ என்றதும் எல்லோரும் சொல்வது, "அது எதையும் துளைத்துக்கொண்டு போகும்" என்பது. பாதி உண்மை. சூரியனிலிருந்து வருபவை அப்படித்தான். உங்கள் நகத்தளவு இடத்தை வினாடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் கடந்து போகின்றன, இரவிலும்கூட, பூமிக்குள் புகுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து. உங்களுக்கும் தெரியாது, பூமிக்கும் தெரியாது. ஆனால் ஆற்றல் ஏற ஏற நியூட்ரினோவுக்குக் கூட்டம் உறுத்தத் தொடங்குகிறது. ஏறக்குறைய 40 டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவில், பூமியை நடுவாக ஊடுருவும் நியூட்ரினோ வழியில் சராசரியாக ஒரு முறையாவது மோதிவிடும். அதற்கு மேலே போனால் பூமி சுவராகிவிடுகிறது. எதையும் துளைக்கும் என்று பெயர் வாங்கியது, தன் பலம் கூடக்கூட மாட்டிக்கொள்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு குரூர மகிழ்ச்சி உண்டு.

தூரம் எங்களுக்கு முக்கியமில்லை. நானூறு அடியில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதுதான் கேள்வி. பாதை நெடுக ஒரு சதுர சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கம்பியை உருவி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பியின் எடைதான் எங்கள் அளவுகோல். பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடுவாக உருவினால் அந்தக் கம்பி சுமார் 11,000 டன் இருக்கும். மையத்தைத் தொடாமல் ஓரமாக உருவினால் குறையும். எங்கே எவ்வளவு அடர்த்தி என்பதற்கு நாங்கள் எல்லோரும் நம்புவது 1981இல் ஜீவோன்ஸ்கியும் ஆண்டர்சனும் நிலநடுக்க அலைகளை வைத்துப் போட்ட அட்டவணையை. மையத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 13 கிராம். 2,891 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை முடிந்து உருகிய இரும்பு தொடங்கும் எல்லையில், 5.6இலிருந்து 9.9க்கு ஒரே தாவல். அந்தத் தாவல் எனக்குச் செய்த வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை பழகுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சிக்கு 'விவேக் நகர் கோடு' என்று பெயர். ஆலயத்தின் வாசலிலிருந்து தென்துருவத்துக்கு ஒரு நேர்கோடு போடச் சொல்வேன், பூமிக்குள்ளே. பெங்களூரு வடக்கு 13 பாகையில் இருக்கிறது. அதை வைத்து நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுவிடலாம். கோட்டின் நீளம் ஏறத்தாழ 9,970 கிலோமீட்டர். அது இறங்கும் அதிகபட்ச ஆழம் 2,400 கிலோமீட்டர். இரும்புக் கருவத்தை எட்டுவதற்கு இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போதே மேலே திரும்பிவிடுகிறது. இந்தக் கோட்டில் 100 டெரா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோக்களை அனுப்பினால் ஏறத்தாழ பாதி மோதாமல் வந்து சேரும். ஆயிரம் டெரா, அதாவது ஒரு பீட்டா என்றால் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. கையால் போட்ட கணக்கும் புரோகிராம் சொல்வதும் ஒத்துப்போனால்தான் அடுத்த பாடம்.

ஒத்திகையின் உயிர்நாடி ஒரே ஒரு வரி. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் சீட்டுக் குலுக்கி ஒரு எண் எடு. அதன் மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, சராசரி மோதல் தூரத்தால் பெருக்கு. வரும் விடைதான் இந்தத் துகள் மோதுமுன் கடக்கப்போகும் கம்பியின் எடை. பாதையின் மொத்த எடை அதைவிடக் குறைவு என்றால் துகள் பிழைத்தது. இல்லையென்றால் அந்த இடத்தில் மோதல். அங்கே என்ன வகை மோதல் என்பதற்கு இன்னொரு சீட்டு. மிச்சம் எவ்வளவு ஆற்றல் என்பதற்கு இன்னொன்று. மான்டி கார்லோ என்று சூதாட்ட ஊரின் பெயரை இந்த முறைக்கு வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம், எங்கள் சூதாட்டத்தில் குலுக்கலின் தொடக்க எண்ணைக் குறித்து வைத்திருந்தால் அதே தோல்வியை அச்சு அசலாக மறுபடியும் தோற்கலாம். பிழை தேட அதுதான் ஒரே வழி. தொடக்க எண்ணைக் குறிக்காமல் ஓட்டிய பையன் ஒருவனிடம் நான் ஒரு வாரம் பேசவில்லை. இப்போது நினைத்தால் அதிகம்தான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த வழி சுரங்க வழி. எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போனவர். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தார். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது கணக்கு முடித்துக் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மற்ற பலரைப் போலக் கொஞ்ச காலம் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வந்து காவல் வேலை பார்த்தார். பிறகு விவேக் நகரில் வாடகைக்கு மாடி வீடு எடுத்தோம். இங்கே தமிழ் போதும், வியாழக்கிழமைப் பூசைக்கு நடந்தே போகலாம், அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

வயலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நியூட்ரினோ புதிய சொல் அல்ல. 'பம்பாய் சயின்ஸ்காரங்க' என்பார்கள். டாடா ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தவர்கள். 1950களிலேயே பி.வி. ஸ்ரீகண்டன் சுரங்கத்துக்குள் இறங்கி, எவ்வளவு ஆழம் வரை காஸ்மிக் கதிரின் மியூவான்கள் வருகின்றன என்று அளக்கத் தொடங்கிவிட்டார். 1960களில் இன்னும் ஆழமாகப் போனார்கள். 8,400 அடியில் கருவியை வைத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு மியூவான்கூட வரவில்லை. வேறு யாராவது என்றால் கருவி கெட்டுப்போச்சு என்று மேலே ஏற்றியிருப்பார்கள். இவர்கள் அந்தச் சுழியத்தைப் படித்த விதம் வேறு: மேலிருந்து எதுவும் வராத இடம் இது என்றால், இங்கே பக்கவாட்டிலிருந்து ஏதாவது வந்தால் அது நியூட்ரினோ பெற்ற பிள்ளையாகத்தான் இருக்கும்.

டாடாவின் எம்.ஜி.கே. மேனன் குழுவும் ஜப்பானின் ஒசாக்கா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஹீத்கோட் சாஃப்ட்டில் 7,600 அடியில் கருவிகளைச் சுவர்போல் நிறுத்தினார்கள். அங்கே தலைக்கு மேலே 2.3 கிலோமீட்டர் பாறை. கோலார் பாறை சாதாரணப் பாறையைவிடக் கனம், கன சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 கிராம், ஆகவே ஏழு கிலோமீட்டர் தண்ணீருக்குச் சமம். 1965இல் பக்கவாட்டில் வந்த தடங்கள் கிடைத்தன. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதர் பார்த்ததாக வந்த முதல் கட்டுரை அதுதான், அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் என்ற இயற்பியலாளரின் குழு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவர்களுக்குத் தடம் கிடைத்தது சற்று முன்பே, பிப்ரவரியில். கட்டுரை வந்தது இரண்டு வாரம் பின்னால். யார் முந்தி என்ற சண்டையை நான் வயல்காரனாக இருந்தும் போடுவதில்லை. இரண்டு இடத்திலும் கருவியைக் கூண்டில் இறக்கியவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை, அந்தச் சண்டையை வேண்டுமானால் போடலாம்.

அப்பாவுக்கு இந்த இயற்பியல் எதுவும் தெரியாது. 1980களில் புரோட்டான் சிதைவைத் தேடி அதே டாடா குழு 140 டன் இரும்பும் குழாய்களுமாக அடுக்கியது மட்டும் அவருக்குத் தெரியும். "இரும்பைக் கொண்டாந்து அடுக்கிட்டு, ஒண்ணும் வரலையேன்னு குந்திக்கினு இருப்பானுங்க" என்பார். கடைசிப் பல வருடங்கள் அவருக்குக் கூண்டு வாயிலில் வேலை. இறங்குகிற ஒவ்வொருவரும் எண் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றை எடுத்துப் போக வேண்டும், ஏறி வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிவில் ஒரு கொக்கி காலியாக இருந்தால் அப்பா வீட்டுக்கு வரமாட்டார். பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கம் அது. அந்தக் கொக்கிக்குரியவன் நேராகச் சாராயக் கடைக்குப் போய்விட்டானா, உள்ளேயே இருக்கிறானா என்று தெரியும்வரை நிற்பார்.

இனி என் கதை. தென்துருவத்தில் ஐஸ்கியூப் 2010 டிசம்பரில் கட்டி முடிந்தது. ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள், 86 கம்பிகளில் 5,160 ஒளி உணரிகள், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் வரை. 2013இல் விண்வெளி நியூட்ரினோக்கள் வந்துவிட்டன என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்க எங்களைப் போன்ற சில்லறை ஆட்களுக்கும் வேலை வந்தது. நான் அப்போது நகரத்தில் ஓர் ஆய்வுக் குழுவுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். முனைவர் பட்டம் இல்லை, சம்பளம் திட்டம் உள்ளவரை. பக்கத்து வீட்டுக்காரர், "ஐ.டி.யா? எந்தக் கம்பெனி?" என்பார். ஆமாம் என்றுவிடுவேன்.

புரோகிராமின் முதல் வடிவத்தில் பூமிக்கு மூன்றே அடுக்கு வைத்திருந்தேன்: பாறை, உருகிய இரும்பு, நடுவே திட இரும்பு. பத்து லட்சம் நியூட்ரினோக்களைக் கீழிருந்து எல்லாக் கோணங்களிலும் சமமாக அனுப்பி, கோணத்தின் கோசைனை ஐம்பது கட்டங்களாகப் பிரித்து, எத்தனை வெளிவந்தன என்று படம் போட்டேன். கோசைன் மைனஸ் 0.84 அருகே அழகான ஒரு பள்ளம் விழுந்தது. கருவத்தின் விளிம்பை உரசிப்போகும் பாதைகள் சரியாக அந்தக் கோணத்தில்தான் வரும். அடர்த்தி அங்கேதான் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தாவுகிறது. பூமியின் கருவத்து நிழல்! குழுவில் எல்லோரும் வந்து திரையில் பார்த்தார்கள். யாரோ பாதுஷா வாங்கி வந்தார்கள். கூட்டத்தில் காட்ட ஸ்லைடு தயாரானது.

அன்று இரவு வீட்டுத் திண்ணையில், மாடி வீட்டுக்குத் திண்ணை ஏது, படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவிடம் காட்டினேன். மடிக்கணினியில் அந்தப் படம். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"இன்னாடா இது?"

"பூமிக்குள்ள போற துகளுப்பா. பத்து லட்சம் அனுப்பினேன். வெளிய வந்தது இது. இந்தப் பள்ளம் இருக்கே, இங்க நடுவுல இரும்பு மாட்டிக்கிச்சு."

"உள்ள போனது பத்து லட்சம்."

"ஆமா."

"வெளிய வந்தது எத்தினி?"

சொன்னேன்.

"அப்ப மீதி?"

"உள்ளயே மோதி நின்னுடுச்சு."

"நின்னுச்சுன்னு யாரு சொன்னா?"

"வெளிய வரலையேப்பா."

"வெளிய வரலன்னா உள்ள நின்னுச்சுன்னு ஆயிடுமா? எந்த லெவல்ல நின்னுச்சு, இன்னா ஆச்சுன்னு எழுதி வச்சிருக்கியா?"

எழுதி வைக்கவில்லை. வெளியே வராததையெல்லாம் மோதியவை என்று கணக்கு எழுதியிருந்தேன், கழித்தல் கணக்காக. எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. சாப்பிட்டுவிட்டு, கோபத்திலேயே, ஒவ்வொரு துகளுக்கும் ஒரு எண் கொடுத்து, வெளியேறினால் ஒரு பதிவு, மோதினால் மோதிய இடத்தோடு ஒரு பதிவு என்று நாற்பது வரி எழுதி மறுபடியும் ஓட்டினேன். காலையில் பார்த்தால் வெளியேறியவையும் மோதியவையும் சேர்த்து 9,97,400 சொச்சம். இரண்டாயிரத்து அறுநூறு டோக்கன் காணவில்லை. எங்கேயும் மோதவில்லை, எங்கேயும் வெளிவரவும் இல்லை.

காணாமல் போனவற்றின் எண்களை எடுத்துப் பாதைகளை வரைந்தேன். அத்தனையும் அடுக்கின் எல்லையை உரசிப் போகிறவை. துகள் எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டால், எல்லையைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த அடுக்குக்கு மாற்று என்று ஒரு வரி உண்டு. 'மிக அருகில்' என்பதற்கு 10 என்று எழுதியிருந்தேன். பத்து மீட்டர் என்று மனதில். புரோகிராமின் மற்ற இடமெல்லாம் கிலோமீட்டர். ஆகவே எல்லைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் கிடையாகப் போகும் துகள் இரும்புக்கு மாற்றப்படும், உடனே பாறைக்கு மாற்றப்படும், மறுபடி இரும்புக்கு. ஒரு அடிகூட நகராமல் ஆயிரம் முறை கட்சி மாறும். ஆயிரத்துக்கு மேல் போனால் ஏதோ சிக்கல் என்று விட்டுவிடச் சொல்லி நானே ஒரு பாதுகாப்பு வரியும் வைத்திருந்தேன். அது சத்தமில்லாமல் துகளை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டது.

இந்தத் தொழிலின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. தச்சன் அளவைத் தவறவிட்டால் கதவு மூடாது, உடனே தெரியும். எங்களுக்குப் பிழையும் இயற்பியலைப் போலவே முகம் வைத்துக்கொண்டு வருகிறது. தொலைந்த துகளுக்கும் மோதிச் செத்த துகளுக்கும் படத்தில் ஒரே அடையாளம், ஒரு புள்ளி குறைவு. அதுவும் என் பிழை நிஜமாகவே ஏதோ நடக்கும் கோணத்தில் போய் உட்கார்ந்திருந்தது. கருவத்து விளிம்பில் உண்மையில் வளைவு திரும்பும், ஆனால் அது ஒரு மடிப்புதான், பள்ளம் அல்ல. மைனஸ் 0.98இல், உட்கருவத்து விளிம்பில், இன்னொரு சிறு பள்ளமும் இருந்தது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாதுஷா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், பூமி கண்ணாடிபோல் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும், அங்கேயும் அதே பள்ளம் அதே ஆழத்தில் இருந்தது.

ஸ்லைடை எடுத்தோம். குழுத் தலைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்பாவிடம் சொன்னபோது, "கெடச்சிதா?" என்றார். கிடைத்தது என்றேன். "உயிரோடவா?" என்றார். சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஜீவோன்ஸ்கி-ஆண்டர்சன் அட்டவணையை முழுதாக ஏற்றினோம், மேலே மூன்று கிலோமீட்டர் கடல் வரை. எல்லைகள் அதிகமானதால் உரசல்களும் அதிகமாயின. உரசும் பாதையில் தூரத்தைக் கணக்கிட ஒரு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பதினாறாவது தசமத்தில் பிசகினால் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் விழும். கம்ப்யூட்டர் 'எண் அல்ல' என்று பொருள்படும் மூன்றெழுத்தைத் துப்பும். ஆங்கிலத்தில் அதை வாய்விட்டுச் சொன்னால் தமிழில் 'நான்' என்றே கேட்கும். யாரால் கெட்டது என்று பதிவேட்டில் தேடினால் பக்கம் பக்கமாக நான், நான், நான். தமிழ் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் தண்டனை இது.

மூன்று வகை நியூட்ரினோவில் எனக்குப் பிரியமானது டௌ. மற்ற இரண்டும், எலக்ட்ரான் வகையும் மியூவான் வகையும், மின்னேற்றத் துகளாக மாறும் மோதலில் சிக்கினால் ஆட்டம் முடிந்தது. எலக்ட்ரான் அங்கேயே பொசுங்கும், மியூவான் சில கிலோமீட்டரிலோ சில பத்துக் கிலோமீட்டரிலோ ஆற்றலைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு அடங்கும். டௌ நியூட்ரினோ மோதினால் பிறக்கும் டௌ துகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு பீட்டா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஐம்பது மீட்டர் போவதற்குள் சிதைந்துவிடும். சிதையும்போது மறுபடியும் ஒரு டௌ நியூட்ரினோ, கொஞ்சம் குறைந்த ஆற்றலோடு. ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கி, அதையும் மாற்றி, மாற்றி, கடைசியில் பத்து ரூபாயாக வீட்டுக்கு வருவதுபோல. தொகை கரையும், கை வெறுமையாகாது. ஹால்சனும் சால்ட்ஸ்பெர்க்கும் 1998இல் இதைச் சொன்னார்கள். நீண்ட பாதையில் எவ்வளவு பெரிய நோட்டாக நுழைந்தாலும் வெளிவரும் தொகை ஏறத்தாழ ஒரே வரம்புக்குள் குவிகிறது. இதை ஒத்திகை பார்க்க, ஒரு டோக்கனோடு நுழைந்தவன் உருமாறி உருமாறி வெளிவருவதைத் தொடர வேண்டும். டோக்கன் எண் மாறக்கூடாது. அப்பாவின் பலகை இருந்ததால் எனக்கு இது சுலபமாக இருந்தது.

2018இல் இந்த டௌ எங்களைத் தூங்கவிடவில்லை. அண்டார்க்டிகாவுக்கு மேலே பலூனில் பறந்த அனிட்டா என்ற ரேடியோக் கருவி, பனிக்குள்ளிருந்து மேல்நோக்கி வந்ததுபோன்ற இரண்டு துடிப்புகளை அறிவித்திருந்தது. ஒன்று 2006இல் பதிவானது, மற்றது 2014இல். ஆற்றல் ஐந்நூறு பீட்டா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். அடிவானத்துக்குக் கீழே ஒன்று 27 பாகை, மற்றது 35 பாகை. அப்படியென்றால் 5,000 கிலோமீட்டருக்கும் மேலே பாறையைக் கடந்து வந்திருக்க வேண்டும். அந்த ஆற்றலில் நியூட்ரினோவால் சராசரியாகச் சில நூறு கிலோமீட்டர்தான் தாக்குப்பிடிக்க முடியும். செய்தித்தாள்கள் இணைப் பிரபஞ்சம் வரை போய்விட்டன. ஒத்திகைக்காரர்கள் எல்லோரும் டௌவை அனுப்பி எண்ணினோம். என் புரோகிராமிலும் கோடிக்கணக்கில் அனுப்பினேன். வெளியே வந்தவை வந்தன, ஆனால் எல்லாம் சில்லறையாக. அந்தச் சில்லறை மழை உண்மையென்றால் ஐஸ்கியூபில் கொட்டியிருக்க வேண்டும். ஐஸ்கியூப் தன் பதிவுகளில் தேடி, அப்படி ஒன்றும் இல்லை என்று 2020இல் சொன்னது. சாதாரண நியூட்ரினோ அல்ல என்ற வரைக்கும் முடிவு. அது என்னதான் என்பது ஒத்திகைக்காரன் வேலை அல்ல. வழக்கமானது மட்டும் நடந்தால் எத்தனை டோக்கன் திரும்பும் என்று சொல்வதோடு என் வேலை முடிகிறது.

2017இல் ஐஸ்கியூப் 10,784 தடங்களை வைத்து, உயர் ஆற்றல் நியூட்ரினோக்களைப் பூமி எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்தது. விடை, கோட்பாடு எதிர்பார்த்ததைப்போல் 1.3 மடங்கு, பிழை வரம்புக்குள் சரி. அடுத்த ஆண்டே ஸ்பெயின்காரர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டு, விழுங்கியதை வைத்துப் பூமியை எடை போட்டார்கள். ஆறு கோடி கோடி கோடி டன், முன்பின் கால் பங்கு. பூமியின் எடை ஏற்கெனவே இதைவிடத் துல்லியமாகத் தெரியும்தான். ஆனாலும் வராதவர்களை எண்ணி ஒரு கிரகத்தை எடைபோட்டது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

2025 பிப்ரவரியில் இத்தாலிக்குப் பக்கத்தில் மத்தியதரைக் கடலடியில் இருக்கும் கருவி, ஏறத்தாழ 220 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோ ஒன்றை அறிவித்தது. கிட்டத்தட்ட கிடைமட்டமாக வந்தது. படித்ததும் கோணத்தைத்தான் பார்த்தேன். கீழிருந்து என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த ஆற்றலில் கீழே எல்லாம் சுவர், மேலிருந்து வந்தால் மோதுவதற்கு ஆள் போதாது. பக்கவாட்டுதான் அதற்கு உள்ள ஒரே வாசல். ஹீத்கோட் சாஃப்ட்டில் சுவர்போல நிறுத்தியதற்கும் இதற்கும் அறுபது ஆண்டு இடைவெளி.

இப்போது டௌவுக்கென்றே அருமையான புரோகிராம்களை எழுதித் திறந்த மூலமாகப் போட்டிருக்கிறார்கள். என்னுடையதை யாரும் பயன்படுத்துவதில்லை, எங்கள் ஐந்து பேரைத் தவிர. அதில் அந்த நாற்பது வரி மட்டும் மாறாமல் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நான்கு எண் அச்சாகும்: உள்ளே, வெளியே, மோதல், மிச்சம். அந்த மாறிகளுக்குப் பெயர் டோக்கன் என்றுதான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சார், இதை ஏதாவது முறையான பேரா மாத்திடலாமா?" என்று கேட்டாள். மாற்றாதேம்மா என்றேன், காரணம் சொல்லவில்லை.

நேற்று வியாழக்கிழமை. சீக்கிரம் வந்தால் கூட்டத்தில் மாட்டுவேன் என்று அலுவலகத்திலேயே இருந்து ஒரு கோடித் துகளுக்கு ஓட்டம் போட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு நடந்தேன். செருப்புப் பாட்டி கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஜோடி மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. காலையில் பார்த்தேன், மிச்சம் 2. கோடியில் இரண்டு. எந்தப் படத்திலும் தெரியாது. அந்த இரண்டின் எண்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று மைனஸ் 0.45 பக்கம், 670 கிலோமீட்டர் எல்லையாக இருக்கும். இன்னொன்று எந்த எல்லைக்கும் பக்கத்தில் இல்லை.